சைக்கிளைக் கண்டால் பேச்சு நிற்கும் தோட்டம்

1954, தை மாதம். கடற்கரை ஓரமாகவே இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதென்று திருகோணமலையில் தன்னந்தனியாகச் சைக்கிள் ஏறியவன் நான். மட்டக்களப்புக்குத் தெற்கே வெள்ளம் சாலையை அறுத்துவிட்டது. காத்துக் கிடக்க எனக்கு ஒருநாளும் பொறுமை கிடையாது. மலையைக் குறுக்கே கடந்து மேற்குக் கரையைப் பிடித்துவிடலாம் என்று பதுளைப் பக்கம் திருப்பினேன். உப்புக்காற்றில் வளர்ந்த ஆளை மலை சும்மா விடுமா? உடப்புசல்லாவை வருவதற்குள் முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன.

அங்கே ஒரு கடையில் பாண் ரொட்டியும் பருப்பும் முப்பது சதம். கந்தப்பளைக்குப் பன்னிரண்டு மைல் என்றார் கடைக்கார முஸ்லிம் நானா. "வெளிச்சத்தோட போயிடுங்க தம்பி. பனி எறங்கினா வழி தெரியாது."

பாதி வழியிலேயே பனி இறங்கிவிட்டது. தேயிலை, மரம், சாலை எல்லாம் போய் என் முன்சக்கரம் மட்டும்தான் மிச்சம். கைவசமிருந்த சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினேன். எங்கோ பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம், வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள். என்னைக் கண்டதும் பேச்சு அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றது. முப்பது பேர் இருப்பார்கள். ஒருவரும் அசையவில்லை.

தலைப்பாகை கட்டிய கங்காணி ஒரு கோப்பையை நீட்டினார். "தேத்தண்ணி குடிங்க."

"வேண்டாம் ஐயா, இருட்டுவதற்குள் நுவரெலியா போக வேண்டும்" என்றேன். மரியாதைக்குத்தான் மறுத்தேன். அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

கூட்டம் விலகியது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கொண்டையை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "எப்பங்க போனாரு?"

"நான் வழிப்போக்கன் அம்மா. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவன்."

"மறைக்காதீங்க. சொல்லிருங்க, தாங்கிக்கிறேன்."

கங்காணிதான் விளங்கவைத்தார். அவள் செல்லம்மா. புருஷன் முத்துவேலு நுவரெலியா ஆசுபத்திரியில் காய்ச்சலோடு கிடக்கிறார். அங்கே யாராவது இறந்தால் டவுனிலிருந்து சைக்கிளில் ஆள் வரும். "வேற சைக்கிளு இங்க வராதுங்க. கேதம் சொல்ல வர்றவரு, சொல்லி முடிக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி தொடமாட்டாரு."

எங்கள் கரையில் சைக்கிள் மணி கேட்டால் மீன் வந்ததென்று பூனை ஓடிவரும். நான் கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கி மடமடவென்று குடித்தேன். நாக்கு வெந்தது. செல்லம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேதத்தோட வரல, சரிங்க. அவரு எப்படி இருக்காருன்னு ஒங்களுக்கும் தெரியாதே" என்றாள். அவிழ்த்த கூந்தலை அவள் முடிந்துகொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆசுபத்திரியில் முத்துவேலுவைத் தேடிப் பிடித்தேன். கட்டிலில் உட்கார்ந்து பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. "ஐயா, அவ சோறு தண்ணி எடுக்கமாட்டா. ஒரு எட்டு போய்ச் சொல்லிருங்க." இறம்பொடை வழியே கண்டிக்கு இறங்க வேண்டிய நான், வந்த வழியே சைக்கிளைத் திருப்பினேன்.

கந்தப்பளை தாண்டியதும் அதே பனி. அது சற்று விலகிய இடத்தில், மேலே சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தெரிந்தார்கள். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நிரையாகக் கைகள் நின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டவுன் பக்கமிருந்து, சாக்கைப் போர்த்திக்கொண்டு, சைக்கிளில் வருகிறேன்.

"நல்லா இருக்காரு" என்று கத்தினேன். பனி விழுங்கிவிட்டது. லயத்துப் பக்கம் சாவுக்கு அடிக்கும் தப்பு ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. செல்லம்மா இறங்கி வந்து சாலையோரம் உட்கார்ந்தாள்.

நடுவில் கால் மைல் ஏற்றம். இந்தப் பயணத்தில் அதைப் போல ஒரு தூரத்தை நான் மிதித்ததில்லை. அவள் கண் என்னை விட்டு அகலவில்லை. நல்ல சேதியை வைத்துக்கொண்டு எனக்கு அழுகை வந்தது.

"உட்கார்ந்து பாண் சாப்பிடுகிறார்." மூச்சு வாங்கியதில் அவ்வளவுதான் வந்தது.

அவள் எழுந்து கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். "அப்ப கொஞ்சம் சிரிச்சிக்கிட்டே வந்திருக்கக்கூடாதாங்க?" என்றாள்.

அங்கிருந்து நீர்கொழும்புக் கரை வரை, எதிரே ஆள் தெரிந்த இடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டே மிதித்தேன். சிலர் பயந்து ஒதுங்கினார்கள்.