தண்ணீர் வருவதற்குள் ஐந்து வேன்கள்

மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டிப் பார்ப்பதற்கென்றே சென்னையிலிருந்து ஆட்கள் பூதலூர்ப் பக்கம் வருவார்கள் என்று பத்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். இங்கே மலை கிடையாது, காடு கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல். ஆனால் கோடையில் எங்கள் கிளை ஆறு காய்ந்து கிடக்கும்போது அதற்குள் இருப்பது அசல் பாலைவனம். வளைகுடாவில் ஒன்பது வருடம் ஒரு பட்டறையில் மணலில் ஓடும் வண்டிகளைத் தயார் செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்த மணல் சட்டென்று என் கண்ணில் பட்டது. படாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

அந்த வருடம் ஐந்து வேன்கள். மூன்று வாரம் முன்பே சென்னைக் குழுவினர் டிரைவர் வைத்து ஊரில் நான் போட்டிருந்த பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூன் மாதத்தில் ஒரு சனி ஞாயிறுதான் எல்லோருக்கும் தோதுப்பட்டது. அன்றைக்கு ஐந்தும் வரிசையாக ஆற்றுக்குள் இறங்கி, மணலிலேயே போய், மறுநாள் கரையேற வேண்டும். வேன் என்றால் அவர்களுக்கு வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி எல்லாம் உள்ளே வேண்டும். ஒருவருக்குக் காபி மெஷினும் வேண்டும். அத்தனையும் ஏற்றிவிட்டு வண்டி மணலில் துள்ளிக்கொண்டு போகவும் வேண்டும். தொட்டியை ஒரு பக்கமாக வைத்தால் வண்டி சாயும் என்று சொன்னால், "வீடியோல அப்படித்தான் வச்சிருந்தாங்க" என்பார்கள். அந்த வீடியோ எடுத்தவனை நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். அடியில் தகடு அடித்து, ஸ்பிரிங்கை உயர்த்தி, ஒவ்வொரு கதவுக்கும் கொக்கி போட்டு முடிப்பதற்குள் என் இடுப்பு விட்டுப்போனது. நாற்பத்தேழு வயதில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு.

உள்வேலை முடிந்ததும் ஒவ்வொரு வண்டியையும் குலுக்கிப் பார்ப்பது என் வழக்கம். அதற்கு அண்ணன் தன் வயலில் கோடை உழவு போட்டிருந்த ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்திருந்தார். காய்ந்த மண்கட்டிகள் மேல் வண்டியை ஏற்றி இறக்கி, எங்கே கடகடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பேன். பட்டறைக்குத் திரும்பி முறுக்குவேன், மறுபடி வருவேன். இதில் வரப்பு இரண்டு இடத்தில் நொறுங்கிப்போனது. அண்ணன் மண்வெட்டியோடு வந்து தானே அதைச் சரிசெய்தார்.

"சாமானெல்லாம் ஆடாம ஒக்காந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு அப்போது வேறு கவலை. குறுவைக்கு நாற்று விட்டிருந்தார். போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிப்போய், நாற்றங்காலை நனைப்பதற்கே மோட்டார் திணறியது. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் சேறடித்து நட முடியும். நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. முற்றிய நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது, விளைச்சல் அடிவாங்கும். அணை திறந்தாயிற்று, கல்லணைக்கு வந்துகொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை நம் ஆற்றில் இறங்கிவிடும் என்று டீக்கடையில் பேச்சு. ஊரே வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்துக் காத்திருந்தது. நான் ஒருவன்தான் அதற்குப் பயந்துகொண்டிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் குழுவிலிருந்து போன்.

"ஆத்துல தண்ணி வந்துடும்னு நியூஸ்ல சொல்றாங்களே? வந்துட்டா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

இவர்கள் கைவிட்டால் என் பட்டறை பஞ்சர் ஒட்டும் கடையாகத்தான் மிஞ்சும். அந்தப் பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அதெல்லாம் வராது சார். இன்னும் நாலு நாள் தள்ளிப்போனாப் போதும். நானும் வேண்டிக்கிறேன், நீங்களும் வேண்டிக்குங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் அண்ணன் நிற்கிறார். மோட்டார் ஓஸ் கிழிந்துவிட்டதாம்.

"ரெண்டு கிளிப் இருந்தா குடு தம்பி."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்கவே வேண்டியதில்லை, அத்தனை சத்தமாகப் பேசியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஆற்றுத் தண்ணீர் தாமதமாக வரட்டும் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த வேண்டுதலை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வரவில்லை. காய்ந்த மணல் வழியெல்லாம் குடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். கல்லணையில் எங்கள் பக்கம் இன்னும் திறக்கவில்லை என்று விசாரித்துக்கொண்டு சனிக்கிழமை காலை ஆற்றில் இறங்கினோம். இருபது டயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினேன். வாக்கி டாக்கியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு, ஒரே குஷி. காபி மெஷின் வேன் மட்டும் இரண்டு முறை புதைந்தது. மண் வாரியவன் நான், படம் எடுத்தவர்கள் அவர்கள். ஞாயிறு பகலில் ஐந்தும் பழுதில்லாமல் கரையேறின.

"உங்களுக்காக ஆறே வெயிட் பண்ணுச்சு பாருங்க" என்று ஒருவர் முதுகில் தட்டினார். வலிக்கிற இடமாகப் பார்த்துத் தட்டினார். அடுத்த வருடமும் இதே வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தண்ணீர் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குள் நாற்றங்காலில் பாதிக்கு மேல் நுனி பழுத்துவிட்டது. கரையில் பூவும் நெல்லும் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் நின்றார்கள். நுரையும் சருகுமாகத் தண்ணீர் மெதுவாக வந்தது. முதலில் எங்கள் வேன்களின் டயர் தடத்துக்குள் ஓடி, அது நிரம்பிய பிறகுதான் மணலில் பரவியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அண்ணன் துண்டில் வைத்திருந்த பூவில் பாதியை என் கையில் கொடுத்தார். நான் போடாமல் நின்றேன்.

"போடு தம்பி."

போட்டேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவரே பேச்செடுத்தார்.

"அடுத்த வருசம் உன் வண்டித் தேதிய முன்னாடியே சொல்லிடு. நான் நாத்த பத்து நாள் தள்ளி விட்டுக்கறேன்."

முகத்தைப் பார்த்தேன். துளிக்கூடக் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். "சரிண்ணே" என்றேன். ஞாயிற்றுக்கிழமையே அடுத்த வருடத்துக்கும் தேதி கொடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.