அம்மன் கொடுத்த சிவப்பு ரோஜா

சில வருடங்களுக்கு முன், அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. என் மகள் அப்போது கிழக்கில் ஒரு கெம்பஸில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் பிள்ளை. முடித்துவிட்டு பேங்கில் உட்காருவாள் என்று மனதுக்குள் அவளுக்குச் சேலையெல்லாம் கட்டிப் பார்த்துவிட்டேன்.

லீவுக்கு வந்தவள், கண்டிப் பக்கத்துக் கெம்பஸுக்கு மாறி புவியியல் படிக்கப்போவதாகச் சொன்னாள். இடமும் கிடைத்துவிட்டதாம். ஒரு வருடம் பின்னுக்குப் போகுமாம். அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ் வளைவில் திரும்பினாலே கும்பிடுகிற ஆள். "நடுவுல விட்டா என்னைய மாதிரிதான் ஆவே" என்று அழுதேன்.

"விடலம்மா, மாறத்தான் போறேன். போன மழைக்கு மேல்மலை சரிஞ்சப்ப ஆபீசருங்க வந்து சிங்களத்துல என்னமோ சொல்லிட்டுப் போனாங்க. நம்ம ஆளுக யாருக்காவது வெளங்குச்சா? எனக்கு அந்த வேலதான் வேணும்."

மேல்மலைக்கு அடியிலுள்ள பின் லயத்தில் இருக்கும் என் நாத்தனார் சும்மா இருப்பாரா? "மண்ணப் படிக்க எதுக்கு கெம்பஸு? எங்களோட கொழுந்து பறிக்க மலைக்கு வா, நாங்களே சொல்லிக் குடுக்கிறோம்."

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். சிவப்புப் பூ வந்தால் மாறட்டும், வெள்ளைப் பூ வந்தால் இருந்த இடத்திலேயே படிக்கட்டும். என் அழுகையைப் பார்த்து மகளும் சரி என்றாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள், வாசலில் பூத்த ரோஜாக்களைப் பறித்து என் வீட்டுக்காரர்தான் இரண்டு பொட்டலம் கட்டினார். எல்லோரும் பேசும்போது வாய் திறக்காதவர் அவர்.

பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். சிவப்பு. மற்றப் பொட்டலத்தை என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மனே சொன்ன பிறகு நான் என்ன பேச? மகள் மாறினாள். படித்து முடித்து, மண்சரிவு பார்க்கிற ஆபீசிலேயே வேலைக்கும் சேர்ந்தாள்.

போன மழைக்காலத்தில் ஜீப் ஒன்று வந்து நின்றது. ஆபீசர்களோடு இறங்கியவள் என் மகள். காலில் பூட்ஸ். மேல்மலையில் வெடிப்பைப் பார்த்தாள், சாய்ந்த மரங்களைப் பார்த்தாள், கலங்கி வந்த ஊற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாள். இறங்கி வந்து, எல்லோருக்கும் விளங்கும்படி தமிழில் சொன்னாள். "பின் லயத்துல இனி யாரும் இருக்கக் கூடாது. இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க."

"கோழிய விட்டுட்டு எப்புடிடி வாறது?" என்றார் நாத்தனார்.

"கோழியவும் தூக்கிட்டு வாங்க அத்தை."

மறுநாள் மத்தியானம் மலை இறங்கியது. பின் லயம் முழுக்க மண்ணுக்குள் போனது. உள்ளே ஒரு உயிர்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் நாத்தனார் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கண்ணன் மகதான் சொன்னா. மண்ணப் படிச்ச புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, அம்மன் அன்னைக்கே சொல்லிட்டா" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

அவர் பாலில்லாத பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். "அவ என்னா செய்வா, பாவம். ரெண்டுலயும் செவப்புதான் கட்டுனேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. எனக்குப் பயம் இன்னும் போகவில்லை; ஏதாவது ஒன்றென்றால் இப்போதும் பூக்கட்டிப் பார்க்கத்தான் ஓடுகிறேன், ஆனால் பொட்டலம் கட்டும் வேலையைத் தெரிந்தேதான் அவரிடம் கொடுக்கிறேன்.