மோர் சிந்தாத ஹேண்டில் பார்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாளையார் ஆலைக்கு நானும் மச்சானும் சைக்கிளில்தான் வேலைக்குப் போவோம். பாதி வழி வாய்க்கால் மேடு, மீதி லாரி ரோடு. ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில் பார் மேல் இருவருக்குமே ஆசை. சைக்கிள் கடையில் பளபளப்பைப் பார்த்து நான் குறுகலானதை எடுத்தேன். மச்சானோ ஒவ்வொன்றையும் தன் சைக்கிளில் பூட்டச் சொல்லி, மோர் நிரம்பிய தூக்குப்போசியை அதில் மாட்டி, குனிந்து மிதித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, பந்தயத்துக்கா, மோருக்கா?" என்றார் கடைக்காரர்.

"போசி முழங்கால்ல இடிக்கக்கூடாதுங்க" என்று சொல்லி, கீழே வளைந்த கீழ்ப்பிடி இரண்டும் வெளிப்பக்கம் விரிந்ததை எடுத்தார் மச்சான்.

மறுநாள் கல்லிலும் குழியிலும் அவர் கீழ்ப்பிடியைப் பிடித்தபடி அலுங்காமல் போனார். என் போசி முழங்காலில் இடித்து இடித்துச் சிந்த, நான் சாம்பாரில் நனைந்த காற்சட்டையோடு பின்னால் போனேன். மத்தியானம் மோர்ச்சோற்றில் பாதியை எனக்கு வைத்தார். ஹேண்டில் பாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.