பதினைந்தாவது பெண்

எலினெட் ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி. எங்கள் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம் என்று போகிற ஒற்றைச் சாலையில் எதிரே பால் லாரி வந்தால், முனகாமல் அரை மைல் ரிவர்ஸில் போய் வழிவிடுவார். அதே எலினெட்டை மலையிலிருந்து நடந்து இறங்கச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். ஏறுவார். இறங்கத்தான் முடியாது. சின்ன வயதில் விழுந்தார் என்றெல்லாம் கதை இல்லை. பயம், அவ்வளவுதான்.

எங்கள் மலையோட்டத் தொடரில் கூடாரத்தில் உட்கார்ந்து பெயர் பதிவு செய்வது அவர் வேலை. தொடரை நடத்தும் ஹெத்வின், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசு, ஒரே விதி என்று பெருமையாகச் சொல்வார். ஓடி முடிக்கிற ஒவ்வொரு ஐந்து பேருக்கும் ஒரு பரிசு. மூன்றுக்கு மேல் கிடையாது. ஆண்கள் எப்படியும் அறுபது பேருக்கு மேல் வருவார்கள். மூன்று பரிசும் நிச்சயம். ஒரு வருடம் கடைசி ஓட்டத்தில் பெண்கள் பதினாலு பேர்தான், அதனால் இரண்டே பரிசு. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேராக வந்து ஓடிய மப்லி, பெண்களில் மூன்றாவதாக வந்தாள். கிடைத்தது ஒரு ஜாம் பாட்டில். ஆண்களில் மூன்றாவதாக வந்தவனுக்கு அறுபது பவுண்ட்.

"ரெண்டு பக்கமும் ஒரே விதிதானே எலினெட்," என்றார் ஹெத்வின்.

"ஆமா. என் பஸ்ஸுலயும் எல்லாருக்கும் ஒரே படிதான். நாலு வயசுப் புள்ளைய மட்டும் நான் தூக்கி விட வேண்டியிருக்கு."

அடுத்த வருடம் கடைசி ஓட்டம் மொயல் விரான் மலையில். காலையிலேயே மூட்டம் இறங்கிவிட்டது. கிளம்பும் நேரத்தில் எலினெட் பெண்களை எண்ணினார். பதினாலு. மறுபடி எண்ணினார். அப்புறம் தன் பெயரையே எழுதி, ஒரு நம்பரை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். ஊக்கு இரண்டு தடவை கை தவறி விழுந்தது.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"பேசாத கெதின். பேசினா அழுதுருவேன்."

எல்லோருக்கும் பின்னால் ஓடி, வழிக்கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வருவது என் வேலை. அதனால் அன்று முழுக்க அவரோடுதான் இருந்தேன். உச்சி தாண்டியதும் ஒரு பெரிய பாறைச் சரிவு உண்டு. அன்று அது நனைந்து கறுப்பாக, பாதிக்கு மேல் மூட்டத்துக்குள் மறைந்து கிடந்தது. எலினெட் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பற்கள் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது.

காற்று வலுத்துக்கொண்டிருந்தது. வியர்வை ஆறினால் உடம்பு விறைத்துவிடும் என்று எனக்கும் பயம் பிடித்தது. ஆனால் நான் தொட்டுத் தூக்கினால் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். அதுவும் விதிதான்.

"கை குடுக்கறேன் எலினெட். பரிசு போனா போகுது."

"தொட்டே, கொன்னுருவேன்."

பிறகு மெதுவாகத் திரும்பி, பாறையைப் பார்த்தபடி குப்புறக் கவிழ்ந்தார்.

"நீ கீழ போய் நில்லு. பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு சொல்வாங்கள்ல, அப்படிச் சொல்லு. ரிவர்ஸ் எடுக்கறேன்."

இறங்கி நின்றேன். "வரலாம்... வரலாம்... இடது காலு கொஞ்சம் கீழ... நில்லுங்க. ஆடு."

"இப்ப என்னடா ஆடு?"

"நெசமாவே ஆடு நிக்குது."

பாதி வழியில் அவர் வலது கால் சறுக்கியது. உடம்பு ஒரு முழம் வழுக்கி, விரல்கள் ஒரு விளிம்பில் மாட்டிக்கொண்டன. கிளம்பிய கற்கள் மூட்டத்துக்குள் போயின. அவை விழுந்த சத்தம் வரவே இல்லை. என் கை தானாக நீண்டது. அவர் ஷூவுக்கு ஒரு சாண் தூரத்தில் அதை இழுத்துக்கொண்டேன். செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

"கெதின். இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப சொல்லுடா."

"வரலாம்," என்றேன். அழுகைதான் வந்தது.

நாங்கள் புல்வெளிக்கு வந்தபோது கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பதினாலு பெண்களும் முன்னமே வந்துசேர்ந்திருந்தார்கள். நேரக் கெடு முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. எலினெட் கோட்டைத் தாண்டி அப்படியே புல்லில் சரிந்தார். ஹெத்வின் அவரைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு காரில் ஏறப்போன மப்லியைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். அந்த வருடமும் அவள்தான் மூன்றாவது.

உறையைப் பிரித்த மப்லி, "ஜாம் தீந்துபோச்சா?" என்றாள்.

எலினெட் யாரோ கொடுத்த டீக் கோப்பையைப் புல்லில் வைத்தார். "ஹெத்வின், விதிய மாத்து."

"ஜனவரியில கமிட்டி கூடும். பேசலாம்."

"அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராதுப்பா."

ஜனவரியில் கூடினார்கள். பழைய விதியையே இன்னும் ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. அடுத்த நாள் காலையே இந்த வருட ஓட்டத்துக்குப் பெண்கள் பக்கம் முதல் பெயர் பதிவாகிவிட்டது. எலினெட்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு மேலே இருக்கும் சின்னப் பாறையில் பழகுகிறார். நான் கீழே நிற்கிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை.

"வரலாமா?" என்கிறார், பாறையில் முகத்தை வைத்தபடி.

"வரலாம்."