மூணு செவுரு தாண்டுமா?

பேச வருகிறவரின் தோளைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் முனியராஜ், "ம், இப்பச் சொல்லுங்க" என்பார். மேலுதட்டை மறைக்கும் மீசைக்காரர் என்றால், "மீசைய ஒதுக்கிக்கிட்டுப் பேசுங்கண்ணே, வார்த்த உள்ளயே நிக்குது" என்று சொல்லி, எப்படி ஒதுக்க வேண்டும் என்று தன் மீசையில் இரண்டு விரல் வைத்துக் காட்டவும் செய்வார்.

ஏழாயிரம்பண்ணைக்காரர். ஐம்பது வயது. பதினோரு வருடத்துக்கு முன், வேலை பார்த்த பட்டாசு ஆலையில் பக்கத்து அறை வெடித்ததில் இரண்டு காதும் போயிற்று. உடம்பில் வேறு கீறல் இல்லை. "காதோட விட்டாளே" என்று அவர் மனைவி கருப்பம்மாள் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே போய் வந்தாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்க முனியராஜுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனைவியின் வாயையும் இரண்டு மகள்களின் வாயையும் பார்த்துப் பார்த்து அவரே படித்துக்கொண்டார்.

இப்போது தினமும் பஸ்ஸில் போய்ச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மாதக் காலண்டர்களுக்குத் தகரப்பட்டி அடிக்கிறார். இயந்திர இரைச்சலில் மற்றவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருக்க, ஹாலின் அந்தக் கோடியில் மேஸ்திரி முணுமுணுப்பதை இவர் இங்கிருந்தே படித்துவிடுவார். "இங்கன நீங்கதாம்ப்பா செவிடு, நா இல்ல" என்று சிரிப்பார். தன் குரலின் அளவு மட்டும் அவருக்குத் தெரியாது. ரகசியம் சொன்னால் பஸ் முழுக்கக் கேட்கும். கருப்பம்மாள் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்துவாள். அந்தக் கை இறங்கும் அளவுக்கு இவர் குரலும் இறங்கும்.

மூத்த மகள் பானுப்பிரியா கோயம்புத்தூரில் நர்ஸ். கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். முகத்துக்கு நேராக போனைப் பிடித்து, வெளிச்சத்தில் நின்று, அப்பாவுக்காக வார்த்தைகளை உடைத்து உடைத்துப் பேசுவாள். ஆனால் அதே நேரத்தில்தான் கருப்பம்மாளின் சீரியலும் இணையத்தில் ஓடும். கடைசி அறையில் இளையவள் எழில், காலண்டருக்குத் தான் வரைந்த பெரிய பெரிய படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அச்சகத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் சமையல் வீடியோ பார்ப்பதும் இவர்கள் இணைப்பில்தான். பாஸ்வேர்டை உரக்கச் சொல்லித் தெருவுக்கே தெரிவித்தவர் முனியராஜ். இணைய இணைப்பு கொடுத்த கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தந்த ரூட்டர் பெட்டி முன்னறையில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டிக் கிடந்தது. படம் அடிக்கடி உறைந்து நிற்கும்.

"படம் நின்னா உங்களுக்குப் படந்தான் நிக்கும். எனக்குப் பேச்சே நின்னுரும்" என்பார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆடி மாதத்து அந்தச் சாயங்காலம் வரை.

அன்று பானுப்பிரியா எதையோ சொல்ல வாயெடுத்தபோது படம் நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. கருப்பம்மாள் துள்ளி எழுந்தாள். எழில் கையைத் தட்டினாள். முனியராஜ் மகளின் பாதி திறந்த வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கருப்பம்மாள் அடுப்படிக்கு ஓடிச் சீனியை அள்ளி வந்து அவர் வாயில் போட்டாள். இனிப்பைச் சப்பிக்கொண்டே, "என்னத்துக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. எழில் அவர் முன்னால் மண்டியிட்டு, "நீங்க தாத்தா ஆகப் போறீகப்பா" என்றாள். அவர் சிரித்தார். நிறையவே சிரித்தார். பிறகு போனைத் துடைத்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"இனி அவ பேசயில நா டிவி போடல" என்றாள் கருப்பம்மாள், அவர் முன்னால் வந்து நின்று.

"நீ பாக்குறத நிப்பாட்டிட்டு நா பேசணுமா? எல்லாரும் பாக்கணும். நானும் பாக்கணும். அதுக்கு ஒரு வழி இருக்கும்."

அந்த வழியைத் தேடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்கு பஸ் ஏறினார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டின் மூன்று அறைகளையும் வரைந்து, எந்தச் சுவர் கல், எது செங்கல், யார் எங்கே உட்கார்ந்து எப்போது என்ன பார்ப்பார்கள் என்று எழுதி வைத்திருந்தார். சுப்புத்தாயையும் சேர்த்து ஒன்பது கருவிகள்.

கடைக்காரர் தனுஷ்கோடிக்குப் பெரிய மீசை. முனியராஜ் காட்டியபடி அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, எட்டுக்கால் பூச்சிபோல் எட்டு ஆன்டெனா நீட்டிய ஒரு ரூட்டரை எடுத்து வைத்தார். "இதுதான் இப்ப டாப்பு."

"மூணு செவுரு தாண்டுமா?"

"தாண்டும்ணே. ஆனா இது மாடி வச்ச பெரிய வீட்டுக்காரக கேக்குறது."

"எங்க வீட்டு வெயிலுக்குத் தாங்குமா?"

தனுஷ்கோடி அட்டைப்பெட்டியைத் திருப்பி அதில் இருந்த எழுத்தைப் படித்தார். முனியராஜ் அதற்குள் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, உங்க கடைக்கு நீங்க எத மாட்டியிருக்கீக?"

தனுஷ்கோடி மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு நினைவு வந்து மறுபடி ஒதுக்கிக்கொண்டு, கூரைக்குக் கீழே தூசி படிந்து கிடந்த நாலு ஆன்டெனா பெட்டியைக் காட்டினார். "அஞ்சு வருசமா ஓடுது. ஒரு நாளும் படுத்ததில்ல. வெல பாதிகூட வராது. அதுலயே புதுசு இருக்கு. ரெண்டு அலவரிச. ஒண்ணு செவுரு தாண்டும், வேகம் கம்மி. இன்னொண்ணு வேகம், ஆனா செவுத்துக்குப் பயப்படும். வாரண்டி மூணு வருசம். கெட்டா என்கிட்டயே கொண்டாங்க."

"அதையே குடுங்க."

தனுஷ்கோடி தாளைத் தன் பக்கம் திருப்பி, நடு அறைச் சுவரின் உச்சியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "பீரோ பக்கம் மட்டும் வச்சிராதீக."

நடு அறையில் ஆணி அடித்து மாட்டிய பிறகு முனியராஜ் தன் பரீட்சையை ஆரம்பித்தார். எழில் தெருவில் நின்று தன் போன் இணைப்பிலிருந்து வீடியோவில் வந்து, தினசரிக் காலண்டரின் ராசிபலனை வாசிக்க வேண்டும். இவர் அறை அறையாக நடந்து, அவள் உதட்டில் படித்ததை உரக்கத் திருப்பிச் சொல்வார். "மேசம், பயணம்! ரிசபம், பகை!" சுப்புத்தாய் வெளியே வந்து தன் ராசிக்கு என்னவென்று கேட்டாள். அடுப்படி வரை ஒரு சொல்லும் தப்பவில்லை.

ஆனால் மறுநாள் சாயங்காலம் எழில் படங்களை அனுப்பத் தொடங்கியதும் பானுப்பிரியாவின் முகம் மறுபடி நின்றது. முனியராஜ் போனைத் துடைத்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். எழில்தான் தாங்காமல் அடுத்த நாள் தனுஷ்கோடியிடமே போய்க் கேட்டு வந்தாள். கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு ஒயரை இழுத்தாள். ரூட்டருக்குள் நுழைந்து, அப்பாவின் போனுக்குத்தான் முதல் வழி என்று பதிந்து வைத்தாள். அதன்பின் சீரியல் திக்கினாலும் திக்கியது, பானுப்பிரியா திக்கவில்லை.

மாசியில் பிரசவம். கருப்பம்மாள் முன்பே கோயம்புத்தூர் போய்விட்டாள். அன்று வேலைக்குப் போகாமல் முனியராஜ் போனை மடியில் வைத்துக்கொண்டு நடு அறையில் உட்கார்ந்திருந்தார். உச்சி வேளையில் திரை ஒளிர்ந்தது. பானுப்பிரியா, களைத்த முகம், காய்ந்த உதடு. சத்தம் வரும் அளவுக்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எழிலு!" முனியராஜின் குரல் தெருக்கோடி வரை போயிற்று. "பொம்பளப் புள்ள! நம்ம பானுவுக்குப் பொம்பளப் புள்ள!"

எழில் கடைசி அறையிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் திரையில் கருப்பம்மாள் துணிச்சுருளோடு குழந்தையை ஏந்திக் காட்டினாள். சின்ன வாய் அகலத் திறந்தது. உதட்டில் படிக்க அதில் சொல் ஒன்றும் இல்லை. முனியராஜ் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு போனைத் திருப்பி, சத்தம் அதிர்ந்து வரும் துளையைத் தேடி, அந்த இடத்தைத் தன் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.