ஆயர் வாங்கிக்கொண்ட புகையிலை

கனடாவின் வடக்கே எங்கள் க்ரீ பழங்குடி ஊரில், கோயில் சாவி யூலாலியின் இடுப்பில்தான் இருக்கும். பாதிரியாரின் அங்கிகளைத் துவைத்துத் தேய்ப்பவளும் அவள்தான். அப்பேர்ப்பட்டவளின் அக்கா ஆல்பர்டீன், ஈரல் புற்றில் சாகக் கிடந்துகொண்டு, சாகும் முன் பாதிரியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் வேண்டாம் என்று அடம் பிடித்தாள்.

காரணம், ஃபாதர் டெரன்ஸ் வைத்த பிரசங்கம். திருச்சபை நடத்திய மிஷன் விடுதிப் பள்ளியில் எங்கள் பிள்ளைகள் செத்தார்கள், புதைத்தார்கள் என்பதெல்லாம் பத்திரிகைக்காரன் கட்டிய கதையாம். வாய் கூசாமல் சொன்னார். ஆல்பர்டீனும் இன்னொரு தங்கை ரோசினும் அந்தப் பள்ளியில் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். ஏழு வயது ரோசின் இருமி இருமியே செத்தாள். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பின்னால் குழி வெட்டியதை ஆல்பர்டீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கூடப்பிறந்தவளை எப்படி மறைப்பது?

“பொய்யின்னு சொன்ன வாய், அதே பீடத்துல நின்னு நெஜம்னு சொல்லட்டும். அப்புறம் எண்ணெய் பூசட்டும்.”

“பூசாமப் போனா உன் ஆத்துமா என்னக்கா ஆகும்?” என்றாள் யூலாலி.

“ரோசினுக்கு யாருடி பூசுனா?”

 நரகத்தை யூலாலி மெய்யாகவே நம்பினாள். ஃபாதரைப் பீடத்தில் நின்று நிஜத்தைச் சொல்லவைக்க வேண்டுமென்று கேட்க, புகையிலையைத் துணியில் முடிந்துகொண்டு ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், ஓடினாள். எங்கள் ஆட்கள் ஒரு காரியம் கேட்கும்போது புகையிலை நீட்டுவார்கள். வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. முடியாதவன் கை நீட்டவே கூடாது.

ஆயர் இரண்டு கையாலும் வாங்கினார். “உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா,” என்றார்.

“வாங்கிட்டாருக்கா. ஞாயித்துக்கெழம சொல்லிருவாங்க,” என்று யூலாலி அக்காவிடம் சொன்னாள், ஊரெல்லாம் சொன்னாள். பூசையில் நடப்பதைப் போன் வழியாகத் தெளிவோடு கேட்க வேண்டுமென்று ஆல்பர்டீன் வலி மருந்தைக்கூடக் குறைத்துக்கொண்டு, உயிரை இழுத்துப் பிடித்துக் கிடந்தாள்.

ஞாயிறன்று கோயில் கொள்ளாத கூட்டம். ஆயர் அனுப்பிய செய்தியை ஃபாதர் டெரன்ஸே வாசித்தார். நடந்தவை குறித்துப் பல கருத்துகள் உண்டு, ஒருவரையொருவர் மன்னிப்போம். அடுத்தது வியாழக்கிழமை பிங்கோ ஆட்டத்துக்கான அறிவிப்பு. அவ்வளவுதான்!

யூலாலி ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டாள். “அந்தப் புகையிலையா? கண்ணாடி அலமாரில பத்திரமா வச்சிருக்கோம்மா. அன்பளிப்புக்கு ரொம்ப நன்றின்னு பிஷப் சொல்லச் சொன்னாரு,” என்றார் அங்கிருந்த செயலர்.

மாலையில் ஃபாதர் டெரன்ஸ் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுக்கு வந்தார். யூலாலி வாசலை மறித்தாள். 

“வழி விடும்மா. அவங்க ஆத்துமாவுக்கு அப்புறம் நீதான் பொறுப்பு.”

“ரோசின் செத்தது நெஜம்னு இந்த வாசல்லயாவது சொல்லுங்க சாமி. அக்கா காதுல விழுந்தாப் போதும்.”

“எனக்குத் தெரியாதத நான் எப்படிம்மா சொல்றது?”

“அப்ப போயிருங்க சாமி.”

கதவைச் சாத்திவிட்டு அழுதாள். கூடப்பிறந்தவளைத் தன் கையாலேயே நரகத்தில் தள்ளிவிட்டோமோ என்று மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலருகே முழந்தாளிட்டு அக்காவின் காதில் சொன்னாள்: “ரோசின் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் செத்தா. தோட்டத்துக்குப் பின்னாடி பொதச்சாங்க. அது நெஜம். நம்ம திருச்சபை செஞ்ச பாவம்.”

ஆல்பர்டீன் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“நீ சொல்லி என்னடி ஆகப்போவுது? நீ என்ன பிஷப்பா?”

பூசுதல் இல்லாமலே அன்றிரவு அவள் உயிர் பிரிந்தது.