காண்டிராக்டர் பள்ளம்

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாதுகாப்பு சொல்லித்தருகிறேன். என்ன நல்ல மனசு என்கிறார்கள் பார்ப்பவர்கள். நல்ல மனசெல்லாம் ஒன்றுமில்லை. வஞ்சம் தீர்த்துக்கொள்ளத்தான் சொல்லித்தருகிறேன்.

ஆரம்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரி. ஓரத்தில் முழங்கால் தண்ணீர்தான், நடுவில்தான் ஆழம். அதனால் இங்கே எல்லா அம்மாக்களுக்கும் ஒரே பாடம்தான்: ஓரமாக நில்லு, உள்ளே போகாதே. என் மகனுக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். ரெண்டாங்கிளாஸ் படித்தான், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. அன்றைக்கும் ஓரத்தில்தான் கால் கழுவ இறங்கினான்.

கம்பெனி மனைகளை மேடாக்க ஏரியில் சவுடு மண் எடுத்தவன் எங்கள் ஊர் காண்டிராக்டர். டிப்பர் லாரி சேற்றில் மாட்டக்கூடாதென்று கரையை ஒட்டியே ஜேசிபி வைத்துத் தோண்டிவிட்டான். மழை பெய்ததும் பள்ளம் எது, ஏரி எது என்று தெரியாமல் போய்விட்டது. என் பிள்ளையைக் கிடத்தியிருந்தபோது அவன் மாலையோடு வந்தான். "விதிம்மா" என்றான். தோண்டியதைக்கூட மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்த வார்த்தையை மன்னிக்க மாட்டேன்.

போலீசில் சொன்னேன். மண் எடுத்தது யாரென்று கேட்டதற்கு ஊரே வாயை மூடிக்கொண்டது. சரி, பேச வேறு வாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போடுவேன்.

"இது இன்னா?"

"காண்டிராக்டர் பள்ளம்!"

"ஓரமா நிக்கலாமா?"

"கூடாது!"

"யாராச்சும் உளுந்துட்டா?"

"நாம எறங்கக் கூடாது! கத்தணும்! பெரியவங்கள இட்டாரணும்!"

போன ஜூனில் அவன் பேத்தி வந்து சேர்ந்தாள். கணீரென்ற குரல். அவளை முன்னால் நிறுத்தி, மற்றவர்களைவிடக் கூடுதல் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில், தெருவில், கல்யாண மண்டபத்தில்கூடக் கத்தினாளாம். அவன் ஸ்கூட்டியில் ஏரிக்கரை வழியாகப் போனால், "காண்டிராக்டர் பள்ளம் தாத்தா, போவாத" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவாளாம். கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஒருநாள் அங்கன்வாடிக்கே வந்துவிட்டான்.

"இன்னாம்மா, கொழந்தைங்களுக்கு இப்டியா சொல்லிக்குடுப்ப? என் பேத்தியே என்ன ஊர் பூரா நாறடிச்சிக்கினு கீது. அந்தப் பேர மட்டும் விட்டுடும்மா."

"பள்ளத்த மூடுங்க. விட்டுடறேன்."

மூடினான். அதே டிப்பர்கள் வந்து மண்ணைக் கொட்டிவிட்டுப் போயின. மறுநாள் காலை பேத்தியை விட வந்தவன், கொஞ்சம் சிரித்த முகமாக வாசலிலேயே நின்றான். நான் கொடுத்த வாக்கு எனக்கும் ஞாபகம் இருந்தது. சாக்பீஸை எடுத்தேன், வழக்கம்போலப் பெரிதாக வட்டம் போட்டேன்.

"இது இன்னா?"

அவன் பேத்திதான் முதலில் கத்தினாள்.